வெறும் தூக்கு

கியூம்ரியில் அன்றைக்கு மைனஸ் இருபத்திரண்டு.
மூன்றாம் முறையும் எஞ்சின் இருமி அடங்கியபோது
வாயில் வந்த கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.
பக்கத்து இருக்கையில் பாதிரியார் நெர்செஸ்
தாடிக்குள் சிரித்தார்:
"அதையும் ஜெபக் கணக்கில் எழுதிக்கொள்வார், விடு."

நான் சம்பளத்துக்கு ஓட்டியவன்.
மகன் ரஷ்யாவுக்குப் போய்
போன் நம்பரை மாற்றிக்கொண்ட பிறகு
பிரேக்கைத் தவிர எதையும் நம்பாதவன்.

எங்கள் பாதையில் பதினேழு தகர வீடுகள்.
வீடு என்பது மரியாதைக்கு.
நிலநடுக்கத்துக்குப் பின்
சரக்கு ரயிலில் வந்திறங்கிய பெட்டிகள்,
இரண்டே வருடத்துக்கு என்று சொல்லி.
அவற்றுள் பிறந்த பிள்ளைகளுக்கு
இப்போது காதோரம் நரைக்கிறது.

கடைசிப் பெட்டி அர்ஷலூய்ஸுடையது.
விடியல் என்று அந்தப் பெயருக்குப் பொருள்.
கதவோ மேற்கே பார்த்திருந்தது.

முதல் நாள் பருப்பு சூப்பை வாங்கிக்கொண்டாள்.
நன்றி ஏதும் இல்லை.
மறுநாள் தூக்கைத் திருப்பித் தந்தாள்
தேய்த்து, கழுவி, துடைத்து.
உள்ளே உருண்டது ஒரு அக்ரூட்.
"வெறும் தூக்கை யாராவது திருப்பித் தருவார்களா?"
என்று என்னையே கோபித்தாள்.

அதன்பின் தினமும் ஏதோ ஒன்று.
உலர்ந்த ஆப்ரிகாட் இரண்டு.
பேரன் பாதி எழுதித் தீர்த்த பென்சில்.
எதுவுமே இல்லாத ஒரு நாள்
செய்தித்தாளில் மடித்த ஒரு சிட்டிகை உப்பு.
வேனின் முன்கண்ணாடி ஓரம் அடுக்கிவைத்தேன்.
தின்னவும் மனமில்லை,
எறியவும்.

பிப்ரவரியில் அது வந்தது.
என் கோட்டின் இரண்டாம் பொத்தான் அறுந்து
மூன்று வாரம் ஆகியிருந்தது.
ஒரே வீட்டில் இருக்கும் என் தங்கை பார்க்கவில்லை.
நானே பார்க்கவில்லை.
தூக்குக்குள் ஒரு பொத்தான்,
மற்ற நான்கோடும் சேராத நீலத்தில்,
நூல் கோத்த ஊசியோடு.
"அந்த வழியாகத்தான் காற்று நெஞ்சுக்குப் போகும்"
என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேனுக்குள் உட்கார்ந்து தைத்தேன்.
விரல் மரத்து, ஊசி எங்கெங்கோ குத்தியது.
டார்ச் பிடித்த நெர்செஸ்
இப்போது சாறிபாத் விதவையைப் பற்றிச் சொல்வார்,
தீராத அந்த மாப்பானையைப் பற்றி,
என்று காத்திருந்தேன்.
சொன்னால் அழுதுவிடலாம் என்றிருந்தது.
"நூலைப் பல்லால் கடிக்காதே" என்றார்.
அவ்வளவுதான்.

திரும்பும் வழியில், ரயில்வே கேட் மூடியிருக்க,
இரங்கும் என்றேன்.
யாரிடம் என்று கேட்டால்
அன்றைக்குச் சொல்லத் தெரியாது.
மகனுக்காகவா எனக்காகவா என்றும்.

ஏப்ரலில் அவளுக்கு அடுக்குமாடியில் வீடு கிடைத்தது,
நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை.
கிரேன் பெட்டியைத் தூக்கியபோது
கடைசிப் பனி கிடந்த தரை நடுவே
காய்ந்த மண் நீள்சதுரமாய்த் தெரிந்தது.
கல்லறை போல என்றான் கிரேன்காரன்.
பாத்தி போல என்றாள் அவள்.

திங்கட்கிழமை கோயில் சமையலறையில்
உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்,
நான் தடிமனாய்ச் சீவுகிறேன் என்று திட்டியபடி.
"இன்னும் பதினாறு இருக்கிறதே,
நின்று என்னைப் பார்க்கிறாயா?"

பதினாறில் ஒருவன் வாஹ்ராம்,
வேலையில்லாத வெல்டர்.
தூக்கைக் கழுவாமல் வாசலில் எறிகிறான்.
ஒட்டிய சூப்பு பனியில் இறுகிக் கிடக்கும்.
நானே எடுத்துக் கழுவுகிறேன்.
மறுநாள் சூப்பை ஊற்றி
மூடியின் மேல் ஒரு அக்ரூட்டை வைக்கிறேன்.
இதுவரை ஒன்பது.
ஒன்றையும் அவன் திருப்பித் தரவில்லை.
நேற்று அவன் குப்பையில் ஓடுகளைப் பார்த்தேன்,
உடைத்துத் தின்றிருக்கிறான்.

விசுவாசம் வந்துவிட்டதா என்று நெர்செஸ் கேட்பதில்லை.
கேட்டால் கோட்டைக் காட்டுவேன்.
நீலப் பொத்தான் கோணலாய்த்தான் இருக்கிறது.
காற்று முன்போல உள்ளே வருவதில்லை.