பூவாயியின் மாதம்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடிக் கடை.
கண்ணாடிக்குக் கீழே ஓர் அட்டை:
பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு கல்.
நவம்பருக்கு மஞ்சள்.
அதற்குப் பக்கத்தில் நானா தன் கையால் எழுதியது:
நம்பிக்கை தரும். ஆயுள் தரும்.
கடன் தரப்படமாட்டாது.

வியாழக்கிழமை, நல்ல மழை.
பொகவந்தலாவையிலிருந்து வந்த பூவாயி
செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு ஏறினாள்.
மாத்திரை தீர்ந்த பனடோல் அட்டையின்
ஒரே ஒரு குழியில்
கல்லை வைத்து டேப் ஒட்டியிருந்தாள்.

டார்ச் அடித்தேன்.
பால் படாத தேத்தண்ணீர்,
முதல் கொதியில் இறங்குமே, அந்த நிறம்.
உள்ளே முடியிலும் மெல்லிய இழைகள்.
பட்டு என்போம் நாங்கள்.
நெருப்பைக் காணாத கல் என்பதற்கு
அதுதான் சாட்சி.

ஏனென்றால் எங்கள் மஞ்சளில் பாதி
அடுப்பில் பிறந்தது.
வெளிறின கல்லைச் சூளையில் வைத்தால் மஞ்சள் ஏறும்.
ஊதாப் படிகத்தை வேகவைத்து
நவம்பர்க்காரர்களுக்கு விற்பதும் உண்டு.
பச்சைக் கொழுந்து உள்ளே போய்ப்
பொன்னாக வெளியே வரும் பெக்டரியில்
தூள் சலித்தவள் அவள்.
"ம்" என்றாள். அவ்வளவுதான்.

"இது என் மாசத்துக் கல்லா, பாத்துச் சொல்லுங்கண்ணே."

அடையாள அட்டையில் நவம்பர் பதினாறு.

"அது கிளாக்கர் எழுதினது.
அன்னைக்குத்தான் அவருக்கு நேரம் கெடச்சிச்சாம்,
ஒம்பது பிள்ளைக்கும் ஒரே தேதி.
அம்மா சொன்னது வேற.
ஏழாம் நம்பர் மலை கவ்வாத்து முடிஞ்சு மூணாம் நாள்,
பெரட்டுக்கு ஆள் கொறஞ்ச காலையில."

விரல் விட்டு எண்ணினோம் இரண்டு பேரும்.
நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் மாதம் அது.
கண்ணாடிக்குக் கீழே
அதற்குக் கல் இல்லை.

சரி, வேறு வழியில் பார்ப்போம் என்று
தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.
இது குருவின் கல்; மஞ்சள் துணி, கொண்டைக்கடலை,
வியாழன் காலை, ஆள்காட்டி விரல்.
புஷ்பராகம் என்றாலே பூவின் நிறம்,
உன் பேரில் பாதி இதில் இருக்கிறது.
வலன் என்றோர் அசுரன்
வேள்விக்குத் தன் உடம்பையே கொடுத்தானாம்.
ரத்தம் மாணிக்கம், பல் முத்து,
அதில் யாருக்கும் சந்தேகமில்லை.
மஞ்சளுக்குத்தான் வழக்கு:
அவன் தோல் என்பார்கள், இல்லை
கோழை என்பார்கள்.

"தோலுதான்" என்றாள்,
அட்டை கடித்த கணுக்காலைச் சொறிந்தபடி.

எங்கே கிடைத்தது என்று கேட்கக்கூடாது,
கேட்டுவிட்டேன்.
"தம்பி. ராத்திரியில. ஓயாப் பக்கம்.
பத்தடி தோண்டினா இல்லம் வருமாம்."
கல் கிடக்கும் சரளைக்குச் சிங்களத்தில் அந்தப் பெயர்,
குழியில் இறங்கிய எவனும் சொல்லும் சொல்.
அவள் வாயில் அது தமிழாகவே விழுந்தது.
லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா,
ஆறு பேர்.
நான் தராசைத் துடைக்க ஆரம்பித்தேன்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.

உள்ளறையில் நானா இருமினார்.
அந்த இருமலுக்கு எண்பதாயிரம் என்று அர்த்தம்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்:
இங்கே விற்காதே.
கொழும்புக்குக் கொண்டு போ, சோதித்து
சேட்டிபிகட் தருவார்கள்.

"கல்லுக்குமா?"

கல்லுக்கும்தான். எடை, நிறம்,
சூடு வைத்ததா இல்லையா,
பிறந்த இடம்.

"எடம் என்னன்னு போடுவாங்க?"

இலங்கை.

டேப்பை நகத்தால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள்.
அவளுக்கு அந்தக் காகிதம் வந்தபோது
வயது முப்பத்தி நாலு.

"எத்தன நாள்ல குடுப்பாங்க?"

ஒரு கிழமை.

"ஒரு கிழமையிலயா" என்றாள்,
என்னிடம் இல்லை,
பனடோல் அட்டையிடம்.