ஒன்றுக்குப் போகாத இஞ்சின்

சென்னியப்பன் போன் போட்டபோது
அம்மாபேட்டையில் ஒரு போர் மோட்டாருக்குக்
காயில் கட்டிக்கொண்டிருந்தேன்.
"ஏனுங், போட்டு இஞ்சின்
ஒண்ணுக்குப் போகமாட்டேங்குதுங்.
சித்தெ வந்துட்டுப் போங்."

ஓடுகிற இஞ்சினின் பின்புறம்
சுண்டுவிரல் நுழையாத ஓட்டையிலிருந்து
நூல்போலத் தண்ணீர் விழவேண்டும்.
விழுந்தால்
ஆறு உள்ளே போய்த் திரும்புகிறது என்று பொருள்.
விழாவிட்டால்
ஆற்றில் காலை வைத்துக்கொண்டே
அது தாகத்தில் வேகிறது.

எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே கிடந்து
தண்ணீரை மேலே தள்ளுகிற எந்திரம்.
தானே குடித்துத் தானே கழிக்கிற ஒன்றைத்
தொட்டதில்லை.
அதை அவனிடம் சொல்லவில்லை.
ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

நெருஞ்சிப்பேட்டைத் துறையில்
எட்டு பைக், ஒரு வெள்ளாடு,
பூலாம்பட்டிக்குப் போக
மருந்துப் பெட்டியோடு ஒரு நர்சு.
மேட்டூரில் கூட்டித் திறந்ததில்
பதினெட்டு நாள் போட்டு ஓடவில்லை.
இன்றைக்குத்தான் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள்.
கயிற்றைச் சுண்டினான். ஒரே இழுப்பில் பிடித்தது.
பிடித்து என்ன,
சொட்டில்லை.

நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி
மூட்டுவலிக்காரரை உட்காரவைப்பதுபோல
இஞ்சினின் காலை இறக்கினோம்.
சல்லடை வாயில்
ஆகாயத்தாமரை வேர், சடைசடையாக.
கொஞ்சம் சாய நூல். பாதி ஷாம்பு பாக்கெட்.
"இதானுங்களா?" என்றாள் நர்சு.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடிக்காலைக் கழற்றிப் பம்பைத் திறந்தால்
ரப்பர் சக்கரத்தில் ஆறு இதழ்.
எண்ணினேன். ஆறும் இருந்தன.
தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி
டீக்கடையின் கொதிக்கிற பாத்திரத்தில் போட்டோம்.
நாலு தலை அதன்மேல் கவிழ்ந்திருக்க
மெதுவாக வாய் திறந்தது.
அதிலும் கோளாறில்லை.
டீக்காரர் தண்ணீரைக் கொட்டிவிட்டு
எங்களைப் பார்த்தபடியே
மூன்று முறை பாத்திரம் விளக்கினார்.

எல்லாவற்றையும் பூட்டி, டிரம்மிலேயே ஓடவிட்டு
இஞ்சினின் தலையில் கை வைத்தேன்.
பத்து நிமிடம்.
சுடவில்லை.
அதற்குக் காய்ச்சலே இல்லை!
கை ஒன்று சொல்கிறது, ஓட்டை ஒன்று சொல்கிறது.
மூன்று மணி நேரமாக
ஓட்டையைத்தான் நம்பியிருக்கிறேன்.

டார்ச் அடித்தேன்.
உள்ளே மண்.
ஆறு கொண்டுவந்து அடைத்த மண் இல்லை,
வழுவழுவென்று
யாரோ அளந்து பூசியது.

கிளட்ச் கேபிளில் ஓர் இழை பிரித்துத்
திருகித் திருகி எடுத்தேன்.
மண். பிறகொரு பச்சைப் புழு.
இன்னொன்று, சாகாமல், அசையாமல்.
எல்லாவற்றுக்கும் பின்னால்
நொய்யரிசிப் பருமனில் வெள்ளையாய் ஒன்று.
கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்பார்கள்.
ஆகாது.
புழு கட்டுச்சோறு.
அக்கரைக்கு யாரும் போகாத நாட்களில்
ஒருத்தி இங்கே குடிவந்து
பிள்ளைக்குச் சோறு கட்டிவைத்துக்
கதவைப் பூசிவிட்டுப் போயிருக்கிறாள்.

உள்ளங்கையில் கொஞ்ச நேரம் இருந்தது.
"வீசியெறியுங், பொழுதாகுது"
என்றார் ஆட்டுக்காரர்.
எறிந்தேன்.
ஒரு கெண்டை மேலே வந்து போயிற்று.

சென்னியப்பன் கயிற்றைச் சுண்டினான்.
முதலில் செம்மண் நிறத்தில்,
பிறகு வெறும் தண்ணீராய்,
வளைந்து விழுந்தது நூல்.
கைதட்டினார்கள்.
எதற்குத் தட்டினோம் என்று புரிந்ததும்
நர்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கூலி எவ்வளவு என்றான்.
மூன்று மணி நேரம்.
வேலையென்று பார்த்தால் ஓர் இழைக் கம்பி.
ஐந்நூறு வாங்கி நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஏனென்று அவனும் கேட்கவில்லை.

போட்டு நடு ஆற்றுக்குப் போய்விட்டது.
இடுப்பு சிறுத்த ஒன்று
வாயில் ஈர மண்ணுருண்டையோடு
துறையில்
இஞ்சின் இருந்த உயரத்தில்
காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது.

வண்டியை எடுக்குமுன்
சைலன்சருக்குள்
ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.