குடைக்காரன் இல்லை

பட்டியல் நேற்று ராத்திரி வந்தது.
ஏழாம் பாகம், முப்பத்திரண்டு முகங்கள்.
சிறுசேரியிலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில்
விரலால் தள்ளித் தள்ளி மூன்று முறை பார்த்தேன்.
குடைக்காரன் இல்லை.

அவனைச் செய்தவர்கள் வைத்த பெயர் வேறு.
அட்டையில் இருந்தது, எங்களுக்கு வாசிக்க வரவில்லை.
ஓட்டேரியில், நல்லா ஓடைப் பாலம் தாண்டி,
இஸ்ரவேல் அண்ணன் கடையில்
இரண்டு டிவி, நான்கு கன்ட்ரோலர்,
அரை மணிக்கு அஞ்சு ரூபாய்.
அங்கேதான் எல்லோருக்கும் ஞானஸ்நானம்.

நடுவில் உப்பி ஓரத்தில் மெலிந்தவன் ஆப்பம்.
ஈரத்துணியை முறுக்கி அடிப்பவள் லாண்டரி அக்கா.
இன்னொருத்தன் கையைத் தூக்கினால் திரையே இருளும்.
முதல் நாள் அத்தனை பேரும்
நிமிர்ந்து டியூப்லைட்டைப் பார்த்தோம்.
அன்றிலிருந்து அவன் கரண்ட் கட்.

நாயகனுக்கு மட்டும் பெயர் வைக்கத் தோன்றவில்லை.
அவனுக்குச் சபதம் இருந்தது, துரோகம் செய்த அண்ணன் இருந்தான்,
மூடிய அறையிலும் முடி பறந்தது.
கடைக்குப் புதிதாய் வரும் பையன்கள் அவனை எடுப்பார்கள்,
தோற்றுவிட்டு கன்ட்ரோலரைக் குறை சொல்வார்கள்.

நான் லாண்டரி அக்கா.
பெண்பிள்ளை என்பதால் இல்லை.
டியூஷன் முடிந்து நான் போய்ச் சேரும்போது
இடப்பக்கப் பொத்தான் செத்த கன்ட்ரோலர்தான் மிஞ்சும்.
அவளுக்கு இடப்பக்கம் தேவைப்படாது,
நேரே போவாள்.

குடைக்காரனைத் தமீம் தவிர யாரும் தொடுவதில்லை.
பின்னால் ஒரு அடி. பின்னால் இன்னும் ஒரு அடி.
"பயந்தாங்கொள்ளி, வாடா" என்று
எதிராளி பாய்ந்து வருகிற நேரம் பார்த்து
கைப்பிடி வளைவில் கணுக்கால் மாட்டும்.
அவ்வளவுதான் ஆட்டம்.
தமீம் சத்தம் போடமாட்டான்.
பட்டாளம் மார்க்கெட்டில் அவன் வாப்பா மீன் வெட்டும்போது
இருக்கிற அதே முகம்.

கடைசி எதிரியையும் ஜெயித்தால்
நாயகனுக்கு நாலு நிமிஷப் படம், வயலின், சூரிய உதயம்.
குடைக்காரனுக்கு அசையாத ஒரே ஒரு சித்திரம்:
மழை. பஸ் ஸ்டாப். அவன்.
கையில் விரிக்காத குடை.

ஏன் விரிக்கல?
ஒரு கோடை முழுக்கச் சண்டை இது.
குடையில் கத்தி இருக்கு என்றான் ஜெபசிங்.
வரைந்தவன் மறந்துட்டான் என்றேன் நான்.
கம்பி உடைஞ்சிருக்கும், ரிப்பேருக்கு முப்பது ரூபா ஆகும்
என்றார் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த இஸ்ரவேல் அண்ணன்.
தமீம் மட்டும், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்:
"இன்னும் ஆள் வரல. வந்ததும் விரிப்பான்."

ஒரு டிசம்பரில் கடைக்குள் ஓடை வந்தது.
டிவி போனது, பெட்டி போனது, மர பெஞ்சு மிதந்தது.
இடுப்பளவு தண்ணீரில் நின்ற அண்ணனின் சட்டைப்பையில்
மெமரி கார்டு மட்டும் நனையாமல்.
அதில் தமீமின் நானூற்றுப் பன்னிரண்டு வெற்றிகள்.
போட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை.

இப்போது டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்.
லாண்டரி அக்காவுக்குக் கதை கொடுத்திருக்கிறார்கள்:
கொலையான புருஷன், பழி, கண்ணீர்.
துணியைப் பிடுங்கிவிட்டு வாள்.
சண்டைக்குப் பின்னால் கை தட்டும் கூட்டத்தில்
ஒவ்வொரு தலையாய்த் தேடுகிறேன்.
நாற்பது பேர். மூன்றே விதமான கைதட்டல்.
யார் கையிலும் குடை இல்லை.

சோழிங்கநல்லூர் சிக்னலில் தமீமுக்கு அனுப்பினேன்:
லிஸ்ட் பாத்தியா. அவன் இல்ல.

கார்கோவில் நைட் ஷிப்ட், பதில் வராது என்று நினைத்தேன்.
மத்திய கைலாஷ் தாண்டும்போது வந்தது.

ஆப்பம் இருக்கானா?

இருக்கான். ஆனா
எளச்சு, வயிறு ஒட்டி, ஆறு கட்டு வெச்சிருக்காங்க.

தட்டச்சு செய்கிறான்.
நிறுத்துகிறான்.
மறுபடி தட்டச்சு செய்கிறான்.

அப்ப அது தோசை.