மண் வராத கதை

கொடிகாமம் வாசிகசாலையில்
விஞ்ஞானப் புனைவுக்கென்று தனித் தட்டு கிடையாது.
894.811இல், குடும்பக் கதைகளுக்கு நடுவே,
வேறு வீட்டுக் கலியாணப் பந்தியில்
தவறி உட்கார்ந்தவரைப் போல
ஒரு விண்கப்பல்
யாரோடும் கதைக்காமல் இருக்கும்.

நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

கேட்டு வருகிறவர்கள் குறைவு.
"பொழுது போக ஏதும்" என்பார்கள்.
முகத்தைப் பார்ப்பேன், பிறகு செருப்பை.
பருத்தித்துறை பஸ் கொண்டக்டர் யோகச்சந்திரனுக்கு
எவ்வளவு தூரம் ஓடினாலும்
புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற கப்பலில்
டிக்கெட் கிழிக்கிறவனின் கதை.
மூன்றாம் நாள் மேசையில் வைத்தார்:
"இதில என்ன புதினம் தங்கச்சி,
இருவது வருசமா இதைத்தானே செய்யிறன்."
போகிற போக்கில்
இரண்டாம் பாகம் இருக்கா என்று கேட்டார்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் அருளம்பலம்
பொய் எழுதின புத்தகம் தொடமாட்டார்.
எழுதினவள் செத்து நானூறு வருசம் கழித்து
வேறொரு சூரியனுக்குப் போய்ச் சேர்கிற கடிதத்தின் கதையை,
அட்டையில் தபால்தலை இருந்த துணிவில்,
வரலாறு என்று சொல்லிக் கொடுத்தேன்.
பிடிபட்டேன்.
"முத்திரைத் திகதி பிழை" என்று
ஓரத்தில் பென்சிலால் திருத்தியிருந்தார்,
ஏழு இடத்தில்.

தவயோகினி வெள்ளிக்கிழமைகளில் வருவாள்.
முகமாலையில் மிதிவெடி எடுக்கிற வேலை.
காற்சட்டை முழங்காலில் மட்டும் நிறம் போயிருக்கும்.
சில நாளில் இரண்டு சதுர மீற்றர்தான் முடியும்
என்று ஒருமுறை சொன்னாள்,
பஸ் நேரம் சொல்வது போல.

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது.
ஒரு கோள்; அதன் நிலம்
தன்மேல் நடந்த எல்லாருடைய பெயரையும்
நினைவு வைத்திருந்து சொல்லும்.
அந்த நாவலைப் போய் அவளிடம் நீட்டினேன்.
நல்ல கதை. நான் இரண்டு தரம் அழுதது.

அடுத்த நாளே வந்தாள்.
கோபமில்லை.
"அக்கா, மண் வராத கதை ஏதும் இருக்கா?"

அப்போதுதான் கண்டேன்
எங்கள் புத்தகங்களில் எவ்வளவு மண்.
செவ்வாய்க்குப் போனவர்கள்
இறங்கியதும் குனிந்து அள்ளுகிறார்கள்.
மந்திரவாதி வேர் தோண்டுகிறான்.
அரக்கனின் உயிர் ஏழடி ஆழத்தில் ஒரு செப்புக்குள்.
கடலடி நகரம் என்றாலும்
கடலுக்கும் அடி இருக்கிறதே.
இரண்டு கிழமை, கதவு பூட்டிய பிறகும்
லைற்றைப் போட்டுக்கொண்டு
பக்கம் பக்கமாக மண் பார்த்தேன்.

கடைசியில் ஒன்று. அட்டை கிழிந்தது.
காற்று மட்டுமேயான கோளில் பலூன் ஊர்கள்.
அங்கே பிள்ளை பெறுகிறார்கள், வேலிச் சண்டை பிடிக்கிறார்கள்
(வேலி இல்லை, கயிறு),
ஒருவரும் ஒருநாளும் கீழே கால் வைப்பதில்லை.
கீழே என்று ஒன்று கிடையாது.
பாதி மட்டும் வாசித்துவிட்டுக் கொடுத்தேன்.
என் வேலையில் செய்யக்கூடாதது.

மூன்று கிழமை பிந்தி வந்தது.
தண்டப்பணத்தைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்.
"நல்லம் அக்கா. கடைசியில இறக்கிப்போட்டார்."
பாண் முடிந்துவிடும் என்று
அவசரமாகப் போனாள்.

தட்டில் வைக்கப் போகும்போதுதான்,
பத்துப் பக்கத்துக்கு ஒன்றாக
வெள்ளைத் தாள் துண்டுகள்,
ஒரே அகலம், ஒரே உயரம்,
அடிமட்டம் வைத்தது போன்ற கோட்டில்
இருநூற்றுப் பத்து வரை.
இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில்
ஒரு சிவப்பு.

உள்ளே விட்ட துண்டுகளை
எடுத்த பிறகே தட்டில் வைக்கவேண்டும் என்பது விதி.
எடுக்கவில்லை.

நேற்று யோகச்சந்திரன் அதைத்தான் எடுத்து வந்தார்.
"உதென்ன சிவப்பு?"
"அதுவரைக்கும் பயமில்லாமப் போகலாம்."
"அங்கால?"
திகதி முத்திரையைக் குத்தினேன்.
"அங்கால உங்கட பாடு."