ஏழாவது கட்டம்

லுசேனா மாகாண மருத்துவமனை, இரவுப் பணி.
புயல் எச்சரிக்கை இரண்டாம் எண்.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டே எரிகிறது.

லீசல் வில்யபாண்டோ, இருபத்திரண்டு வயது,
பதினோரு வாரம்,
ட்ரைசிக்கிளில் மடித்த துண்டின் மேல் உட்கார்ந்து வந்தவள்.

பதிவேட்டில் ஏழாவது கட்டம் குறுகலானது:
தானாகவா, தூண்டியதா.
பயிற்சி மருத்துவர் எஸ்குவெர்ரா
அந்தக் கட்டத்துக்காகவே கேட்கிறார்:
"ஏதாவது குடித்தாயா? உள்ளே ஏதாவது வைத்தாயா?
சொல்லிவிட்டால் வசதி."
யாருக்கு வசதி என்று தியோனி கேட்கவில்லை.
கையுறையை உதறி மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

படிவத்தின் நெற்றியிலேயே
அபார்ஷன் என்று அச்சிட்டிருக்கிறது.
லீசல் அதைப் படித்துவிட்டாள்.
"நான் எதுவும் செய்யவில்லை சிஸ்டர்,
மாதா மேல் ஆணை."

தெரியும் என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால்,
திரைக்கு அந்தப்புறம் நேற்றிலிருந்து
சுவரைப் பார்த்தே படுத்திருப்பவளுக்கும்
அது கேட்கும்.

"இந்தப் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான்.
இருபது வாரத்துக்கு முன் எது போனாலும்.
கலையப் பார்ப்பது ஒன்று,
கலைந்தே தீர்வது ஒன்று,
முழுதும் போய்விடுவது,
துடிப்பு நின்றும் உடம்புக்குச் சேதி எட்டாமல்
உள்ளேயே தங்கிவிடுவது.
உனக்குப் பாதி தங்கியிருக்கிறது.
அதற்கு மேல் எனக்குத் தெரியவேண்டியதில்லை."

நான் எழுதும் மொழியில்
கலைந்தது, கலைத்தது.
நடுவில் ஒரு மெய்யெழுத்துத்தான் மாறுகிறது.
இரண்டுக்கும் நாக்கு பல்லைத் தொடும் இடம் ஒன்றே.
மூக்கு வழியே கொஞ்சம் காற்றுப் போனால்
துக்கம் கேட்க வருவார்கள்,
போகாவிட்டால் போலீஸ்.
லீசலின் ஊர்ச் சொல்லோ
அவளிடமிருந்து எடுக்கப்பட்டது என்று மட்டும் சொல்கிறது.
எடுத்தது யாரென்று
அதை யாரும் விசாரித்ததில்லை.

"ராஸ்பாவா?" என்கிறாள்,
முழங்காலைச் சேர்த்து இறுக்கிக்கொண்டு.
தென்னை ஊர்க்காரி.
துருவியின் பற்கள் ஓட்டைத் தொடும் சத்தம்
அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"இல்லை. ராஸ்பா என்றால் இரும்பு, சுரண்டுவது.
அந்தத் தட்டை நான் திறக்கவேயில்லை, பார்.
இது உறிஞ்சுவது.
மெல்லிய குழாய், கையால் இழுக்கும் சிரிஞ்சு,
மின்சாரம் போனாலும் நிற்காது.
ஐந்து நிமிடம்.
வலிக்கும், பொய் சொல்லமாட்டேன்.
டாக்டர் செய்யச் செய்ய
ஒவ்வொன்றாய் உனக்குச் சொல்லிக்கொண்டே வருவேன்."

பிஸ்டனை இழுத்துப் பூட்டுகிறாள்.
அறுபது மில்லி வெறுமை, கண்ணாடிபோல்.
இதே சிரிஞ்சு, இதே குழாய், இதே கழுவுதொட்டி
நேற்று திரைக்கு அந்தப்புறம்.
சிரிஞ்சுக்கு ஏழாவது கட்டம் கிடையாது.

"இப்போது குளிர்ச்சியாக இருக்கும்.
இப்போது ஊசி.
இப்போது அழுத்தும், மூச்சை விடு,
விடு,
முடிந்தது."

ஐந்தல்ல, ஒன்பது நிமிடம்.

விடிகாலையில் பதிவேட்டைத் திறந்தாள்.
எஸ்குவெர்ரா நாற்காலியில் வாய் திறந்து தூங்குகிறார்.
ஆறாவது கட்டம், செய்த சிகிச்சை.
இருபத்தாறு வருடமாக மூன்று எழுத்தில் முடிப்பவள்
இன்று முழுதாக எழுதினாள்:
முற்றுப்பெறாத சிதைவு, கையால் இயக்கும் வெற்றிட உறிஞ்சல்,
திசு முழுமை, கருப்பை இறுகியது, இரத்தப்போக்கு நின்றது.
எழுத்துகள் கோட்டைத் தாண்டி
ஏழாவது கட்டத்துக்குள் நடந்து
அதன் மறுகரை வரை போய் உட்கார்ந்தன.
மேல் வரிசையிலும்,
நேற்றைய தேதியில், அப்படித்தான்.

காசாளரின் கணினிக்கு ஒரு பெயர்தான் தெரியும்.
ரசீதில் ராஸ்பா என்றே அடித்து வந்தது.
கணவன் எண்ணிக் கொடுத்தான், படிக்கவில்லை.
லீசல் படித்தாள்.
வாசலில் காவலாளியிடம் பேனா வாங்கி
அந்தச் சொல்லை அடித்தாள்.
சரியான பெயர் நீளமானது, நினைவுக்கு வரவில்லை.
மழை விட்டிருந்தது. ட்ரைசிக்கிள்காரன் அவசரப்படுத்தினான்.
ஒன்பது நிமிடம் என்று எழுதி
மடித்து வைத்துக்கொண்டாள்.