எடுத்தால் நிற்கும்

ஓடெட் சீரின் வலது காலை
எனக்குக் காதால்தான் தெரியும்.

அவள் பட்டறைக்கு நேர் மேலே என் கட்டில்.
மடவாஸ்கா காகித ஆலையில் எனக்கு இரவு வேலை.
நான் கண்ணை மூடும் ஒன்பது மணிக்கு
பள்ளிப் பேருந்தின் காலைச் சவாரியை முடித்து வந்து
அவள் பிளக்கைச் செருகுவாள்.
தரைப்பலகை வழியாக ஏறிவரும்
முதலில் ஒரு கொசு,
அப்புறம் வண்டு,
பறவையின் கழுத்துப் பக்கம் போகும்போது
இருக்கிறதா இல்லையா என்கிற முனகல்.
அதில்தான் நான் தூங்கிப்போவேன்.

வாடகை கொடுக்கப் போன ஒருநாள் பார்த்தேன்.
செருப்பளவு கறுப்புப் பெட்டி.
முதுகில் ஒரு சாக்கெட்.
மேலே வரிசையாக ரப்பர் குமிழ்கள்,
பெருவிரல் படும் இடத்தில் மட்டும் தேய்ந்து வழுவழுப்பு.
பனி பூட்ஸைக் கழற்றிவிட்டு
கம்பளிக் காலுறையோடு மிதிப்பாள்.
"பூட்ஸுக்கு ஆமாம், இல்லை ரெண்டுதான் தெரியும்.
நடுவில் இருப்பது தெரியாது" என்றாள்.

கைகள் இரண்டும் பறவைக்கு.
இடக்கையில், வெளிர் மரத்தில் பாதி பிறந்த லூன்,
கோடை முழுக்க எங்கள் ஏரியில் கூவுமே, அது.
வலக்கையில் அரவைக் கருவி.
அதன் சொந்தப் பொத்தானை
டேப் ஒட்டி எப்போதும் திறந்தே வைத்திருந்தாள்.
வேகத்தைப் பற்றிய கவலை முழுவதையும்
மேசைக்குக் கீழே அனுப்பியாயிற்று.
கூடினால் மரம் கருகும்.
குறைந்தால் முனை கடித்துத் துள்ளும்.
நடுவே ஒரு தாள் கனத்துக்கு இடம் உண்டு,
இறகு அங்கேதான் வருகிறது.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை
சத்தம் திக்கியது.
கொசு. ஒன்றுமில்லை. வண்டு. வண்டு. ஒன்றுமில்லை.
எழுந்து உட்கார்ந்தேன்.
ஏழு வருடத்தில் அந்தக் கால் இப்படிப் பேசியதில்லை.

போட்டிருந்த உடுப்போடு இறங்கினேன்.
விளக்குக்கு அடியில் லூன்,
கழுத்தில் நகம் பட்டதுபோல ஒரு பள்ளம்.
கீழே அவள் கால்
யாருடைய காலோ போல ஆடிக்கொண்டிருந்தது.

"மூஸ்" என்றாள்.
"கொம்பு உதிர்ந்த பெரிய ஆண்.
தேவாலய வளைவு தாண்டி ஏற்றத்தில், நடுச்சாலையில்.
பின்னால் பதினான்கு பிள்ளைகள்.
கீழே கண்ணாடிப் பனி.
முப்பது வருடமாக ஓட்டுகிறேன், எல்சியார்,
ஆபத்தென்றால் மிதி, அதுதான் எலும்புவரை ஊறியது.
மிதித்திருந்தால் குறுக்கே திரும்பி
வாய்க்காலில் கிடந்திருப்போம்.
கால் மிதிக்கவில்லை.
எடுத்துக்கொண்டது.
கருகல் வாசனை வந்தால் இங்கே எடுப்பேனே, அப்படி,
என்னைக் கேட்காமல்.
வண்டி முனகி, இன்னும் கொஞ்சம் முனகி,
அதன் விலாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.
மூஸ் எங்களைப் பார்த்தது.
வேலையிருப்பதுபோலப் போய்விட்டது.
ஏன் நின்னோம் என்று கேட்கிறாள் தெல்ஃபின்.
பென்சில் விழுந்துவிட்டதாம் அவளுக்கு."

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
குனிந்து பெட்டியைத் தள்ளி வைத்தேன்,
அந்தக் காலுக்கு எட்டாமல்.

"அதை எடுக்காதே" என்றாள்.
"இங்கே வை. இன்னும் கிட்ட."

மேலே வந்து படுத்தேன்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு கொசு,
வழி கேட்டு வந்ததுபோல.
மதியம் இரண்டு மணிக்கு
பூட்ஸ் சத்தம், கதவு,
முற்றத்தில் பேருந்து இருமிக் கிளம்பியது.

கழுத்துப் பள்ளத்தை அவள் நிரப்பவில்லை.
மே மாதம் பாங்கோரிலிருந்து வந்த ஒருவர்
விரலை அதில் வைத்துப் பார்த்து
பத்து டாலர் குறைத்துக் கேட்டார்.
கொடுத்துவிட்டாள்.