ஒரே முகவரியிலிருந்து பதினொன்று

தை செங்கில் ஏழாவது மாடி.
கீழே ரொட்டித் தொழிற்சாலை.
மதியம் மூன்று மணிக்குக் குளிர்க்காற்றோடு வெண்ணெய் வாசம் வரும்.
அந்த நேரத்தில்தான் நான் ஆட்களை நீக்குவேன்.

ஆட்கள் என்று சொல்லக்கூடாது.
வரிசைகள்.
இரண்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிசைகள்.
ஊழியர் உறக்கம் பற்றிய இணையக் கருத்தாய்வு,
நாற்பத்திரண்டு கேள்விகள்,
முடித்தவருக்கு ஐந்து வெள்ளிப் பற்றுச்சீட்டு.

தொண்ணூறு நொடியில் முடித்தவர் முதலில் போவார்.
எல்லாவற்றுக்கும் மூன்றாம் வட்டத்தையே அழுத்தி
கிணற்றில் விட்ட கயிறாய் இறங்கியவர் அடுத்து.
இருபத்தேழாம் கேள்வி ஒரு பொறி:
"நீங்கள் கவனிக்கிறீர்கள் என்று காட்ட
'ஒருபோதும் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள்."
'எப்போதாவது' என்றவர்கள் நூற்று அறுபத்து நான்கு பேர்.
அவர்கள்மேல் கோபமில்லை.
பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு
நானும் எதையெதையோ ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

நாற்பத்து மூன்று வரிசைகள் மட்டும் பளபளத்தன.
பொறியில் விழவில்லை.
வயதும் சம்பளமும் உறங்கும் நேரமும் முரண்படவில்லை.
கடைசிப் பெட்டியில், உறக்கத்தைக் கெடுப்பது எது என்றதற்கு
"பணிச்சுமையும் குடும்பப் பிரிவும் எனது உறக்கத்தின் தரத்தைக்
குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கின்றன."
நாற்பத்து மூன்று பேரும் அப்படியே, முற்றுப்புள்ளியோடு.
கொட்டாவி விட்ட தடயமே இல்லை.
நூருல்ஹுதா எட்டிப் பார்த்தாள்.
"தூங்கவே தெரியாத ஒன்று எழுதியிருக்கிறது" என்றாள்.
நீக்கினேன். இருநூற்றுப் பதினைந்து வெள்ளி மிச்சம்.
அன்று அது சந்தோஷமாகவே இருந்தது.

அப்புறம் வந்தன அந்தப் பதினொன்று.
ஒரே இணைய முகவரி, ஒரே கைப்பேசி.
இரவு பத்து ஐம்பதுக்கு முதலாவது,
விடிகாலை மூன்று பதினேழுக்குக் கடைசி.
விதி தெளிவானது: முதலாவதை வை, மற்றதைத் தள்ளு.
பத்தின்மேலும் சுட்டியை இழுத்து நீலமாக்கினேன்.
நீலத்துக்குள் கடைசிப் பெட்டிகள் தெரிந்தன.

'மூட்டபூச்சி'
'கீழ் கட்டில் ஆள் கொரட்டை'
'மேல் கட்டில் ஆள் எறங்கி வந்து பேன் நிப்பாட்டுரான்'
'ஒன்னும் இல்ல நல்லா தூங்குவேன்'
'லாரி 5 மணி. 4க்கு எந்திரிக்கனும்'
'27வது கேள்வி அப்படி சொன்னா பொய் ஆயிடும் அதான் மாத்தி போட்டேன்'
'போன் செவத்தியானோடது. தூங்கிட்டான். சத்தம் இல்லாம அமுக்குறேன்'
கடைசி வரிசையில்:
'இதெல்லாம் யாரு படிப்பா'

மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலும்
அடுத்தடுத்த வரிசைகளில் ஒருவருக்கொருவர் சாட்சி.
எந்தக் கையேட்டிலும் இல்லாத சரிபார்ப்பு.

குவெக்கிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன்.
குறட்டைக்குச் சிரித்தார்.
பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
"ஒருவனே பதினொரு குரலில் எழுதியிருந்தால்?
ஐம்பத்தைந்து வெள்ளி. ஒரு ராத்திரி வேலைதானே?"
அதுவும் சரிதான்.
நான் அந்த அறையைப் பார்த்ததில்லை.
துவாஸ் என்றது வரைபடம்;
வரைபடத்தையும் நம்பாதே என்பது இந்த வேலையின் முதல் பாடம்.

இருவிதமாகவும் கணக்கிட்டேன்,
அவர்களோடு, அவர்கள் இல்லாமல்.
வித்தியாசம் புள்ளி மூன்று விழுக்காடு.
வெள்ளிக்கிழமை போன அறிக்கையில்
ஒன்பதாம் அடிக்குறிப்பாக இருக்கிறார்கள்:
'பகிர்ந்த கைப்பேசியாக இருக்கலாம்.'
எழுத்து அளவு எட்டு.
பற்றுச்சீட்டு போனதா என்று இரண்டு முறை கேட்டேன்.
கணக்குப் பிரிவு பதில் போடவில்லை.

அடுத்த கருத்தாய்வுக்கு
நான் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்:
"இந்தக் கைப்பேசி உங்களுடையதா?"
இல்லை என்றாலும் தொடர வேண்டும் என்று
நிரல் எழுதுகிறவரிடம் மூன்று தடவை சொன்னேன்.
நேற்றுச் சோதித்துப் பார்த்தேன்.
'இல்லை' என்று அழுத்தினேன்.
"உங்கள் நேரத்துக்கு நன்றி" என்று
மூடிக்கொண்டது.